கோயிலடியில் ஓர் இறக்கம்

நான் இதுவரை எழுதிய பாட்டுகளில் மிகச் சின்னதற்கு ஐந்தே சொற்கள். "ஆண்டவரே, எங்கள் மேல் இரக்கம் வையும்." அவ்வளவுதான். பூசையில் மன்றாட்டுகள் வாசிக்கும்போது, ஒவ்வொரு மன்றாட்டின் முடிவிலும் சனம் சேர்ந்து பாட வேண்டிய ஒற்றை வரி. பாடி முடிக்க இருபது விநாடிகூடத் தேவையில்லை. அந்த இருபது விநாடிக்காக நான் ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், ஊரைப் படுத்திய பாட்டை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எல்லாம் ஒரு பழுதான இயர்போனில் தொடங்கியது. வவுனியாவில் பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் என் அறைத்தோழியிடம் ஒன்று இருந்தது. வலப்பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். ஒருநாள் கணினிப் பாடத்துக்கு எதையோ தேடப் போன எனக்கு யூரியூப் ஒரு தேவாலயப் பாடகர் குழாமைக் காட்டியது. எங்கேயோ பனி கொட்டும் நாடு. இருபது பேர், கம்பளிச் சட்டை, கையில் கடதாசி. வாத்தியம் ஒன்றும் இல்லை. இப்போது உயிரோடு இருக்கும் ஒருவர் அண்மையில் எழுதியது என்று கீழே போட்டிருந்தது. பக்திப் பாட்டென்றால் ஒன்றில் பழையது, இல்லாவிட்டால் சினிமா மெட்டில் போட்டது என்று நினைத்திருந்த எனக்கு அதுவே புதினம். வலக்காதில் மட்டும் கேட்டேன். தாழ்ந்த குரல்கள், ஆறுதலாக நடந்து போவது போல, இரண்டு சுரம் ஏறி ஒரு சுரம் இறங்கின. எனக்கு அப்படியே பிடித்துப்போயிற்று. இரண்டு கிழமையாக அதைத்தான் முணுமுணுத்துத் திரிந்தேன்.

பிறகு ஒருநாள் வகுப்பில் ஒருத்தியின் நல்ல இயர்போனை வாங்கிப் போட்டால், இடக்காதில் இன்னொரு பாட்டு! அதுதான் மெட்டு. நான் இரண்டு கிழமை பாடித் திரிந்தது அதற்கு அடியில் போகிற வரி. மெட்டே தெரியாமல் ஒரு பாட்டில் விழுந்திருக்கிறேன்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். இரவல் இயர்போன், இரவல் டேட்டா, தொலைபேசியில் ஒரு பியானோச் செயலி. இப்படித்தான் படித்தேன். சில நூறு ஆண்டு பழமையான பெரிய பாட்டுகளை விட்டுவிட்டு, இப்போதைய ஆட்கள் சாதாரணக் கோயில்களுக்கென்று எழுதும் சின்னப் பாட்டுகளைத்தான் தேடினேன். ஒவ்வொரு குரலின் வரியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் முன்பள்ளிப் பிள்ளைகூடப் பாடும். ஐந்து சுரம், சில வேளை நாலு. அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டால், பாடுகிற ஒருவருக்கும் தாங்கள்தான் அந்தச் சத்தத்தைச் செய்கிறோம் என்று நம்ப முடியாது. இதை எங்கள் கோயிலில் கேட்க வேண்டும். படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது எனக்கு வேலைக் கடிதம் வந்திருக்கவில்லை. ஆனால் இந்த நினைப்பு வந்துவிட்டது.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் மல்லாவிச் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி, வீதியை ஒட்டி இருக்கிறது. குழாமில் பத்துப் பேர். பத்துப் பேரும் ஒரே மெட்டை ஒரே உயரத்தில்தான் பாடுவோம். கீபோட் வாசிக்கிற ரியூசன் வாத்தியாருக்கு எந்த உயரம் கைக்குச் சுகமோ அதுதான் எங்கள் எல்லோருக்கும் சுருதி. எட்டுகிறவர் பாடலாம். எட்டாதவர் கத்தலாம். அதுவும் முடியாதவர் என்ன செய்வார் என்று நான் யோசித்ததே இல்லை, ஒருநாள் நாய் கடிக்கும்வரை.

கடித்தது பக்கத்து வீட்டு நாய். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போய், இலக்கத் துண்டை வாங்கிக்கொண்டு நீண்ட வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"இருவத்தேழு! இருவத்தேழாம் நம்பர் ஆர்?"

தாழ்ந்த குரல். ஆனால் மண்டபத்தின் கடைசி மூலைவரை போய், சுவரில் பட்டு, ஆறுதலாகத் திரும்பி வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் வலக்காதில் இரண்டு கிழமை இருந்த குரல் அது. எட்டிப் பார்த்தேன். இலக்கம் கூப்பிடுகிறவர் எங்கள் குழாமில் ஓரமாக நின்று பாட்டுப் புத்தகம் பங்கிடுகிற அக்கா. ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். இந்தக் குரலை அங்கே ஒருநாளும் கேட்டதில்லை.

இருபத்தேழு என்னுடைய இலக்கம்தான். துண்டை நீட்டியபடியே கேட்டுவிட்டேன். "அக்கா, நீங்கள் கோயிலில பாடுறேல்ல, என்ன?"

"ஆர் சொன்னது? முன்வரிசையிலதானே நிக்கிறன்."

"நிக்கிறியள். வாயும் அசையுது. சத்தம் வாறேல்ல."

அவர் என் துண்டை வாங்கிப் பார்த்தார். "உனக்கு நாய் கடிச்சது காலிலயோ, காதிலயோ?"

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா."

"மெல்லக் கதை, பிள்ளை. பதினொரு வருசமா ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல."

கதையை அவர் பிறகுதான் சொன்னார், ஊசி போட்டு முடிந்து நான் வெளியே வேம்படியில் நின்றபோது, தேத்தண்ணி இடைவேளையில் வந்து. போர் முடிந்து, மீளக் குடியேறி இந்தப் பக்கம் வந்த புதிதில் குழாமில் சேர்ந்திருக்கிறார். முதல் நாள் ஒத்திகையில் கீபோட்டின் உயரம் அவருக்கு எட்டவில்லை. அதனால் தன்பாட்டில் கீழே இறங்கிப் பாடியிருக்கிறார். யாரோ திரும்பி, "ஆரப்பா அந்த ஆம்பிளை?" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அவரும் சிரித்தாராம். அடுத்த ஞாயிறிலிருந்து சத்தத்தை நிறுத்திவிட்டார்.

"அப்ப ஏன் குழாமில நிக்கிறியள்?"

"வெளியில இருந்து கேக்கிறது வேற, பிள்ளை. நடுவில நிண்டு கேக்கிறது வேற. பாட்டுக்குள்ள நிக்கலாம். அது காணும் எனக்கு."

சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் போதும் என்று சொன்ன அந்தக் 'காணும்' என்னைக் குத்திக்கொண்டிருந்தது. காணாது. எனக்குத் தெரியும், காணாது.

அந்தக் கிழமையே ஐந்து சொற்களையும் எழுதி, நாலு குரலுக்குப் பிரித்து, பங்குத்தந்தையிடம் கொண்டுபோனேன். அவர் கடதாசியை ஒருதரம் பார்த்தார், என்னை இரண்டு தரம் பார்த்தார்.

"பிள்ளை, நாங்கள் பாட, சனம் வாயை மூடிக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தா அது கச்சேரி. எனக்குப் பூசையில கச்சேரி வேண்டாம்."

"சனமும் பாடும், பாதர். மெட்டு சனத்துக்கு. அடியில வாறது மட்டும்தான் எங்களுக்கு."

"ஒருதரமும் கேக்காததை எப்பிடிப் பாடும்?"

"அஞ்சு சொல்லுத்தானே, பாதர். ரெண்டுதரம் கேட்டா மூண்டாந்தரம் வந்திடும்."

அவர் அந்தப் பேச்சிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்ப சரி. திருவிழாப் பூசையில ஆறு மன்றாட்டு. மூண்டாவதுக்குள்ள சனம் பாடாட்டி, நாலாவதில இருந்து வழமை போலச் சொல்லிப்போட்டுப் போவம். பிறகு இந்தக் கதை எடுக்கப்படாது."

சரி என்றேன். ஏழு கிழமை இருந்தது. நேரே அக்காவிடம் போனேன். அவர் உடனே சரி சொல்லவில்லை. கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மூன்றாம் நாள்தான் பதில்.

"ஒருக்காப் பாடிப் பாக்கிறன். உனக்காக இல்லை, எனக்கு விருப்பமாக் கிடக்கு. ஆனா ஒண்டு. நான் பாடேக்க கோயிலில சனம் திரும்பிப் பாத்துச் சிரிச்சுதெண்டால், அதோட நான் குழாமில இல்லை. பின்வாங்கில போய் இருந்திடுவன். வாயும் அசைக்கமாட்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினொரு வருசமாக அவர் தனக்கென்று வைத்திருந்தது பாட்டுக்குள் நிற்கிற அந்த ஓர் இடம். நான் அதையும் பணயம் வைக்கச் செய்துவிட்டேன்.

ஒத்திகை சனிக்கிழமை பின்னேரங்களில். முதல் நாளே பெரிய பிரச்சினை வந்தது, இசையால் அல்ல. நான் ஆர்வக் கோளாறில், "முதலாம் குரல், ரெண்டாம் குரல், மூண்டாம் குரல்" என்று பிரிக்கத் தொடங்கினேன். உயர்தரம் படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகளின் முகம் கறுத்துப்போயிற்று.

"அக்கா, நாங்கள் ஏன் ரெண்டாவது? அவையளைவிட நாங்கள் வடிவாப் பாடுவம்தானே?"

"இது பரீட்சையில்லையப்பா!"

"அப்ப எங்களை முதலாவதில போடுங்கோவன்."

சரியென்று மேல்குரல், நடுக்குரல், கீழ்க்குரல் என்று மாற்றினேன். இந்த முறை ஆண்கள் பக்கம். எங்கள் குழாமின் மிகப் பெரிய குரல் கொண்டக்டர் அண்ணையுடையது. மல்லாவி–வவுனியாத் தனியார் பஸ்ஸில் பதினாறு வருசம் கூவிப் பழுத்த குரல். "அப்ப நாங்கள் கீழ்?" என்றார். "தங்கச்சி, பஸ்ஸில மிதிபலகையில நிக்கிறவன் எண்டபடியாச் சொல்லுறீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரே வழியும் சொன்னார். "ஊர்ப் பெயரை வையும். ஊரில முதலாவது ரெண்டாவது இல்லை. எல்லாத்துக்கும் ரிக்கற் ஒண்டுதான்."

ரிக்கற் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யோசனை நல்ல யோசனை. மெட்டுக்கு மல்லாவி, எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற இடம் அதுதானே. அதற்குக் கொஞ்சம் கீழே துணுக்காய், பக்கத்து ஊர் என்பதால். பெண் பிள்ளைகள் துணுக்காயைச் சந்தோசமாக எடுத்துக்கொண்டார்கள். ஆண்களின் வரி எல்லாவற்றிலும் ஆழம் என்பதால் அதற்கு நெடுங்கேணி. கேணி என்றால் கேணிதானே. துணுக்காய்க்கும் நெடுங்கேணிக்கும் இடையில் அக்காவுக்கும் கீபோட் வாத்தியாருக்கும் உள்ள வரிக்கு அக்கராயன். "அக்காவுக்கு அக்கராயன். மறக்காது," என்றார் கொண்டக்டர் அண்ணை.

ஒவ்வோர் ஊரின் வரியையும் தனித்தனியே பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதன் பிறகு எங்கள் குழுவில் வந்த செய்திகளை வெளியாள் பார்த்தால் போக்குவரத்துச் சபை என்று நினைத்திருப்பார். "நெடுங்கேணி கடைசியில் பிழைக்குது." "துணுக்காய் கெதியாப் போகுது, மல்லாவிக்கு முதல் போய்ச் சேருது." "அக்கராயன் எங்க? சத்தமே இல்லை."

அந்தக் கடைசிச் செய்தி உண்மை. ஒத்திகையில் அக்கா பாடினார், ஆனால் காற்றோடு. கைபேசியைக் கிட்டப் பிடித்துப் பதிவு செய்தாலும் கேட்காத அளவுக்கு. ஐந்து கிழமை போய்விட்டது. ஒருநாள் பகல் கிளினிக் முடிகிற நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கே போனேன். மண்டபம் வெறுமையாக இருந்தது. நீள நீளமான வாங்குகள், கழுவின சீமெந்து நிலம், உயரத்தில் தகரம். இந்தப் பக்கத்தில் இதைவிட நன்றாக எதிரொலிக்கிற இடம் இல்லை.

"அக்கா, ஒருக்கா நம்பர் கூப்பிடுங்கோ."

"ஆரும் இல்லாத நேரத்திலயோ?"

"கூப்பிடுங்கோவன்."

"இருவத்தேழு!" என்றார், என் நாய்க்கடி இலக்கத்தை ஞாபகம் வைத்திருந்து. குரல் போய்த் திரும்பி வந்தது.

"அந்த உயரத்திலேயே 'ஆண்டவரே' எண்டு சொல்லுங்கோ."

சொன்னார். அதுதான் அவருடைய வரியின் முதல் சுரம். நான் அதை எழுதும்போது அந்த இருபத்தேழு என் காதுக்குள் இருந்தது. அவருக்கு அது அப்போதுதான் விளங்கியது. என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தொடர்ந்து பாடினார், ஐந்து சொல்லும், முழுக் குரலில். நான் மேலே மெட்டைப் பிடித்தேன். மருந்து கொடுக்கிற யன்னலைத் திறந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"அக்கா, நீங்களோ? நான் ரேடியோவாக்கும் எண்டு நினைச்சன்."

அக்கா சட்டென்று வாயை மூடினார். "நிப்பாட்டாதைங்கோ," என்று மருந்து கொடுப்பவர் சொல்லிவிட்டு, யன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போனார். அன்றைக்கு இன்னும் ஆறு தரம் பாடினோம்.

அக்கராயன் சரிவந்துவிட்டது. மிச்சம் நெடுங்கேணி.

எனக்கு மிகவும் பெருமையான ஒரு வேலையை அந்தப் பாட்டில் செய்திருந்தேன். 'ஆண்டவரே, எங்கள் மேல்' வரை எல்லோரும் ஒன்றாக வந்து, ஒரு மூச்சு நிற்போம். பிறகு 'இரக்கம்' என்ற சொல்லை நெடுங்கேணி மட்டும் தனியாக, அடியிலிருந்து எடுக்கும். அதன் மேல் அக்கராயன், அதன் மேல் துணுக்காய், கடைசியில் மல்லாவி என்று படிப்படியாக ஏற, 'வையும்' என்ற சொல்லில் எல்லோரும் சந்திப்போம். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நெடுங்கேணியின் பெரிய குரல் யாருடையது என்பதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கும் இறக்கம் என்றுதான் பெயர். ஆள் இறங்க வேண்டும் என்றாலும் "இறக்கம்!" என்றுதான் குரல் கொடுப்போம். கோயில் இரண்டு இறக்கங்களுக்கு நடுவில், இரண்டுக்கும் தூரமாக இருக்கிறது. பஸ் கோயிலைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். பூசைக்கு வருகிற சனம் தார் கொதிக்கிற வெயிலில் திரும்பி நடக்கும். அதனால் கொண்டக்டர் அண்ணையைக் கண்டால் எங்கள் பங்குச் சனம் எல்லோருக்கும் ஒரே மன்றாட்டுத்தான். "கோயிலடியில ஒரு இறக்கம் வையுங்கோவன்!" அவர் சாரதியைக் காட்டுவார். சாரதி முதலாளியைக் காட்டுவார். முதலாளியை ஒருவரும் கண்டதில்லை.

அந்த மனுசன் பதினாறு வருசமாக நாளுக்கு எத்தனை தரம் 'இறக்கம்' என்று கத்தியிருப்பார்? அவருடைய நாக்குக்கு வேறு சொல் தெரியாது. ஒத்திகையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் தனியே, மிக உருக்கமாக, வல்லின றகரத்தை நல்லாக உருட்டிப் பாடுவார். "இறக்கம்..."

"அண்ணை, சின்ன ர!"

"சின்ன ரதான் பாடினனான்."

"பெரிய ற வருது அண்ணை."

"திருப்பிப் பாடட்டோ? இறக்கம்..."

துணுக்காய்ப் பிள்ளைகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு, "அண்ணை, அடுத்த இறக்கம் மோட்சமோ?" என்பார்கள். ஒத்திகை அதோடு முடிந்துவிடும். அக்கா மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அந்த இடத்தில எல்லாரையும் சேர்ந்து பாட விடன். அண்ணையின்ர சத்தம் அமந்துபோம்." சொன்னது சரி. எனக்குத்தான் மனம் வரவில்லை. படிப்படியாக ஏறுவதுதானே பாட்டின் உயிர் என்று வாதாடினேன். உண்மை என்னவென்றால், என்னுடைய கெட்டித்தனத்தை அழிக்க எனக்கு விருப்பம் இல்லை.

திருவிழா அன்று கோயில் நிறைந்து, வெளியில் பந்தலுக்குக் கீழேயும் கதிரைகள் போட்டிருந்தது. மன்றாட்டு நேரம் வந்தது. கீபோட் வாத்தியார் ஒரு சுரத்தை மட்டும் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். முதலாவது மன்றாட்டை ஓர் ஆசிரியை வாசித்தார். நாங்கள் பாடினோம். கொண்டக்டர் அண்ணை நெற்றி வியர்க்க, கண்ணை மூடி, சின்ன ரவையே பாடினார்! எல்லாம் சரியாக ஏறி, சரியாகச் சந்தித்தது. எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

சனத்தைப் பார்த்தேன். ஒருவரும் பாடவில்லை. மரியாதையாக, அசையாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கச்சேரி. பங்குத்தந்தை என் பக்கம் பார்க்காமல் பீடத்தில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

இரண்டாவது மன்றாட்டு. முதல் தரம் சரிவந்த சந்தோசத்தில் கொண்டக்டர் அண்ணைக்குத் துணிவு வந்துவிட்டது. 'ஆண்டவரே, எங்கள் மேல்' என்று பாடி நிறுத்தினோம். அந்த அமைதியில் அவர் நெஞ்சை நிமிர்த்தி, மிதிபலகையில் நின்று கூவுகிற அதே குரலில் எடுத்தார்.

"இறக்கம்..."

முதலில் பிள்ளைகள். பிறகு பெண்கள் பக்கம். பந்தலுக்குக் கீழிருந்து யாரோ, "கேட்டனாங்கள்தானே, அவரே வைக்கிறார்!" என்றார். முழுக் கோயிலும் சிரித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது.

மேலே ஏறிக்கொண்டிருந்த அக்கராயன் நின்றுபோயிற்று. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வாய் மூடியிருந்தது. சரியாக அவருடைய குரல் தொடங்குகிற இடத்தில் சிரிப்பு வந்தது. எத்தனையோ தலைகள் திரும்பியிருந்தன. அவர் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல மூடி, கடைசி வாங்குப் பக்கம் பார்த்தார். எங்கே போய் இருப்பது என்று இடம் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது. என் கெட்டித்தனத்தை நானே சபித்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கும்வரை பங்குத்தந்தை பொறுத்திருந்தார். அவர் முகத்திலும் அது இருந்தது. ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார்.

"இரக்கம் எண்டு கேட்டாலும் சரி. இறக்கம் எண்டு கேட்டாலும் சரி. ஆண்டவர் இந்தக் கோயிலடியில ஒருக்கா இறங்கினாக் காணும். ஆனா பத்துப் பேர் கேட்டு ஒரு பஸ்ஸும் நிக்கிறேல்ல. எல்லாரும் கேளுங்கோ."

மூன்றாவது மன்றாட்டை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நேரத்துக்குள் கொண்டக்டர் அண்ணை பின்னால் இருந்து குனிந்து அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, சனம் பாக்கிறது என்னை. மானம் போனது எனக்கு. நீங்கள் ஏன் பாட்டை நிப்பாட்டுறியள்?" பிறகு, தகரத்தில் தட்டுகிற பழக்கத்தில் வாங்கின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட், போவம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்றாட்டு முடிந்தது. ஆண்டவரே என்று நாங்கள் எடுக்க முன்பே சனம் எடுத்துவிட்டது. சிரித்து வாய் திறந்திருந்த சனம், அப்படியே பாடியது. பந்தலுக்குக் கீழிருந்தவர்களும் பாடினார்கள். மல்லாவி முழுவதும் மல்லாவியைப் பாடியது. மூச்சு நின்ற இடத்தில் கொண்டக்டர் அண்ணை எடுத்தார். எந்த ர என்று இந்தத் தரம் நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதன் மேல் அக்கா வந்தார். ஆஸ்பத்திரி மண்டபத்தில் கேட்ட அதே குரல், குறைக்காமல். சனத்தின் சத்தம் அவருடைய குரலின் மேல் ஏறி உட்கார்ந்தது. நான் என் வரியை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வாயை மட்டும் அசைத்தது நான்.

நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஆறு முடிந்தும் சனம் ஏழாவது தரம் பாடியது. வாசிக்க மன்றாட்டு இருக்கவில்லை.

பூசை முடிந்து புத்தகங்களை அடுக்கும்போது, பந்தல் பக்கமிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் என்னைத் தாண்டி அக்காவிடம் போனார்.

"நீங்களோ அந்தக் கீழ்ப் பாட்டுப் பாடினது?"

அக்கா என்னைப் பார்த்தார். "ஓம்," என்றார்.

"எனக்கும் மேல எட்டுறேல்ல அக்கா. அதுதான் நான் கோயிலில பாடுறதே இல்லை. அதைச் சொல்லித் தருவியளோ?"

மற்றவர் அவசரமாக, "எனக்கும்தான்," என்றார்.

அக்கா கையிலிருந்த புத்தகங்களை அலுமாரியில் வைத்தார். பிறகு ஆஸ்பத்திரிக் குரலில், "சனிக்கிழமை மூண்டு மணி. பிந்தினால் நம்பர் போயிடும்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு நான் கொஞ்சம் முந்திப் போய், கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தேன். வவுனியா பஸ் வந்தது. எப்போதும் தாண்டிப் போகிற பஸ் வேகம் குறைந்து, சரியாகக் கோயிலுக்கு முன்னால் நின்றது. நிரந்தரமான ஏற்பாடு அல்ல, அண்ணை சாரதியைக் கெஞ்சியிருக்கிறார் என்று பிறகு தெரியவந்தது. இப்போதும் சனிக்கிழமைகளில் மட்டும்தான் நிற்கிறது. மிதிபலகையில் நின்று அவர் கூவினார்.

"கோயிலடி இறக்கம்!"

அன்றைக்கு அந்தப் பெரிய றகரம் எவ்வளவு பொருத்தமாக இருந்தது! முதலில் அக்கா இறங்கினார். பின்னால் அந்த இரண்டு பெண்கள். அதற்குப் பின்னால் எனக்குத் தெரியாத இன்னொருவர். அக்கா வீதியைக் கடந்து வந்ததும் வழமை போலப் புத்தக அலுமாரிப் பக்கம் போகவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"இதுகள் மூண்டும் அக்கராயன். நான் கூட்டிக்கொண்டு வந்திட்டன். அடுத்த பாட்டிலயும் எங்களுக்கு வரி இருக்கோ?"

"இருக்கு," என்றேன்.

இருக்கவில்லை. அடுத்த பாட்டுக்கு நான் மெட்டு மட்டும்தான் போட்டிருந்தேன். அவர்களை ஐந்து சொல்லையும் பத்துத் தரம் பாடச் சொல்லிவிட்டு, சிலுவை வைத்த குருசடி நிழலில் போய் இருந்து, கடதாசியைத் திருப்பி அடியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.